பாட்காஸ்ட் அசைன்மென்ட், ஆன்லைன் குவிஸ்: இன்னும் மனதை உறுத்துவது எது?

பதிவு 1

வெப்ப இயக்கவியல் வகுப்பு. என்ட்ரோபியைப் பள்ளிப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஐந்து நிமிட பாட்காஸ்டாகக் கேட்டிருந்தேன். ரூப்ரிக்கில், அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற பட்டியலில், ஒலித்தரத்துக்குத் தனியாக 10. ஒரு மாணவியின் பதிவில் பின்னால் குழந்தை அழுகிறது, பாத்திரம் உருள்கிறது. 3 போட்டேன். மதிப்பெண்களை அனுப்பிய பிறகுதான் நிதானமாகக் கேட்டேன். மூன்றாவது நிமிடத்தில் பேச்சு நிற்கிறது. "இல்ல, இப்ப சொன்னது தப்பு. ஒழுங்கின்மைன்னு மனப்பாடம் பண்ணிட்டேன். துகள்களை எத்தனை விதமா அடுக்கலாம்ங்கறதுதான் கணக்கு." அதை வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை. வகுப்பில் வேறு யாரும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

பதிவு 2

நான் மாணவன். 30 கேள்வி, 30 நிமிடம், பின்னால் போக முடியாத குவிஸ். 17ஆவது கேள்வியில் நெட் போனது. வந்தபோது மீதி 4 நிமிடம். சர்வரில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. தெரிந்த கேள்விகளைக்கூடப் படிக்காமல் எதையோ அழுத்திக்கொண்டே போனேன், கை நடுங்கியது. சாரிடம் சொன்னால், "சிஸ்டம் முடிச்சிடுச்சே" என்றார்.

பதிவு 3

பதிவு 2, உங்கள் சார் சிஸ்டம் மேல் பழி போட்டது சரியில்லை. குவிஸ் நடத்த உதவும் மூடில் மென்பொருளில் ஒரே ஒரு மாணவருக்கு மட்டும் கூடுதல் நேரமோ மறுவாய்ப்போ தர வசதி உண்டு. பதிவு 1, நீங்கள் நடத்துவது இயற்பியல். ஒலித்தரத்துக்கு எதற்கு 10?

என் கதை சின்னது. ஒரு மாணவியின் கட்டுரை ஏஐ எழுதியது என்று ஒரு கருவி சொன்னது. கூப்பிட்டேன். அடித்துத் திருத்திய ஆறு தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள்.

அந்தக் கருவிகளை நம்பாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் தன் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. வரைவுகளையும் வாங்குங்கள், ஐந்து நிமிடம் நேரில் கேளுங்கள். அப்புறம் குவிஸுக்கு மதிப்பெண்ணைக் குறைத்து, பல தடவை எழுத விடுங்கள். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்தது. கடிகாரத்தை வைத்து மிரட்டி என்ன கிடைக்கப்போகிறது?

பதிவு 1, மறுபடியும்

சரி, ஏற்கிறேன். ரூப்ரிக்கில் ஒலித்தர வரியை எடுத்துவிட்டு, "தன் தவறைத் தானே கண்டுபிடித்தல்" என்று வைத்திருக்கிறேன். பழைய மதிப்பெண்ணைத் திருத்த எழுதிக் கொடுத்தேன். முடிந்த பருவத்தைத் திறக்க முடியாது என்றார்கள். அந்த 3 அப்படியே இருக்கிறது.