ஃபிலாகிரின் பிறழ்வு: சாப்பிடாத வேர்க்கடலைக்கு ஒவ்வாமை எப்படி?

குட்டிமா_அம்மா:
மகளுக்கு 7 மாதம். கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் (எக்ஸிமா) அதிகம். பரிசோதித்ததில் ஃபிலாகிரின் மரபணுவில் பிறழ்வு என்றார்கள். ரத்தத்தில் வேர்க்கடலைக்கு எதிரான ஐஜிஇ (ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்புரதம்) இருக்கிறதாம். அவள் இதுவரை வேர்க்கடலையைத் தொட்டதுகூட இல்லை! இந்த மரபணுதான் ஒவ்வாமையைக் கொண்டுவந்ததா?

தோல்_ஆய்வாளர்:
நேரடியாக இல்லை. ஃபிலாகிரின், தோலின் மேலடுக்கில் கெரட்டின் இழைகளை இறுக்கிப் பிடிக்கும் புரதம். பிறகு அது சிதைந்து, ஈரத்தைத் தக்கவைக்கும் பொருள்களாகிறது. இது குறைந்தால் தோல் வறண்டு, வெளிப்பொருள்கள் உள்ளே போக வழி கிடைக்கும்.

உங்கள் மகள் சாப்பிடவில்லை, சரி. வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டிருப்பார்கள் அல்லவா? வேர்க்கடலைப் புரதம் கைகளிலும் படுக்கையிலும் தூசியிலும் தங்கும். அது கரப்பான் வந்த தோல் வழியாக நுழையும்போது, ஏற்கெனவே புண்பட்ட தோல் செல்கள் டிஎஸ்எல்பி, இன்டர்லூகின்-33 போன்ற அபாயச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தச் சூழலில் நோயெதிர்ப்பு மண்டலம் அந்தப் புரதத்தை எதிரியாகக் குறித்துவைத்து ஐஜிஇ தயாரிக்கும். அதே புரதம் முதலில் குடல் வழியாக வந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிடும்.

இந்தப் பிறழ்வுக்கும் கரப்பானுக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிவந்தது. என்னை நம்பவைத்த விஷயம் வேறு: மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஃபிலாகிரின் கிடையாது. ஆனாலும் இந்தப் பிறழ்வோடு கரப்பானும் உள்ளவர்களுக்கு ஆஸ்துமா அதிகம் வருகிறது. தொடக்கம் தோலில்தான் என்பதற்கு இதைவிட நல்ல தடயம் வேண்டுமா?

வறண்டகை:
எனக்கும் இதே பிறழ்வு. உள்ளங்கை ரேகைகள் ஆழமாக இருக்கும், காலில் செதில் உதிரும். உணவு ஒவ்வாமை எதுவும் இல்லை. பயந்துவிடாதீர்கள் அம்மா.

குட்டிமா_அம்மா:
நன்றி. அப்படியென்றால் ஈரப்பத கிரீம் தடவினால் தடுத்துவிடலாமா? வேர்க்கடலையை ஒரேயடியாக ஒதுக்கிவிடவா?

தோல்_ஆய்வாளர்:
கிரீமை மட்டும் நம்ப முடியவில்லை. நானும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் 2020இல் வெளியான பீப் ஆய்வில், முதல் வருடம் முழுக்கத் தினமும் தடவியும் கரப்பான் வருவது குறையவில்லை. வந்துவிட்ட கரப்பானின் அழற்சியை மருத்துவர் தரும் களிம்பால் அடக்குவதுதான் இப்போது முக்கியம். கிரீம் அதற்குத் துணை. பூசும் எதிலும் உணவு எண்ணெயோ பால் புரதமோ வேண்டாம்.

ஐஜிஇ இருப்பதாலேயே ஒவ்வாமை உறுதி என்று ஆகாது. 2015இல் வெளிவந்த லீப் ஆய்வில் குழந்தைகளில் ஒரு பகுதியினரை வேர்க்கடலை சாப்பிடவும், மற்றவர்களை ஒதுக்கவும் சொன்னார்கள். தோல்குத்துச் சோதனையில் (வேர்க்கடலைச் சாற்றைத் தோலில் வைத்து லேசாகக் குத்திப் பார்ப்பது) லேசாகத் தடித்த குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அப்படித் தடித்த குழந்தைகளில், வேர்க்கடலையை ஒதுக்கியவர்களில் 35.3 சதவீதம் பேருக்கு 5 வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 10.6 சதவீதம்தான். ஆனால் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அதனால் நீங்களாக வீட்டில் கொடுத்துப் பார்க்காதீர்கள். இந்த வாரமே ஒவ்வாமை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். தோல்குத்துச் சோதனை, அப்புறம் தேவையென்றால் அவர் கண்முன்னால் முதல் வாய். முழுக் கடலை கூடவே கூடாது, தொண்டையில் அடைக்கும். மென்மையாக அரைத்து நீர்க்கக் கரைத்ததுதான்.