ஃபைன் கட்டியாச்சு, சிவப்பு மட்டும் போகல (மலேசியா, பினாங்கு ஜெலுத்தோங் வீட்டு சாட் குரூப்)

யாழினி: குமரன் அண்ணா இருக்கீங்களா. லைப்ரரி ஃபைன் 12 வெள்ளி 40 காசு நேத்து ராத்திரி போர்ட்டல்ல கட்டிட்டேன், பேங்க்ல காசு வெட்டிட்டான், ஆனா கொன்வோ (பட்டமளிப்பு) கிளியரன்ஸ்ல, அதான் பாக்கி இல்லன்னு காட்டுற பக்கத்துல, லைப்ரரி மட்டும் இன்னும் சிவப்பா நிக்குது 😩

ராஜா மாமா: நான் அப்பவே சொன்னேன். கவுண்டர்ல போய் கட்டு, கையில ரெசிட் வாங்குன்னு

யாழினி: மாமா அது நான் அசாசி (டிகிரிக்கு முந்தின கோர்ஸ்) படிச்ச கேம்பஸ் ஃபைன். பினாங்குல இருந்து அங்க போக வர பஸ் காசே ஃபைன விட பல மடங்கு

அம்மா: ஸ்கிரீன்ஷாட் போடு மா. ஐசி (அடையாள கார்டு) நம்பர மறைச்சிட்டு போடு

யாழினி: 📷 போட்டோ

குமரன் அண்ணன்: பாத்தேன். எஃப்பிஎக்ஸ் (பேங்க்ல இருந்து நேரா ஆன்லைன்ல கட்டுற வழி) சக்சஸ்ஃபுல்னு இருக்கு, ட்ரான்சாக்ஷன் ஐடியும் இருக்கு, அதனால காசு எங்கயும் தொலையல. மறுபடி மட்டும் கட்டிடாத. முதல்ல சொல்லு, புக்க திருப்பி குடுத்துட்டியா

யாழினி: எப்பவோ குடுத்தாச்சு

குமரன் அண்ணன்: நல்லது. நிறைய பேரு புக்க கையில வச்சிக்கிட்டே ஃபைன கட்டிடுறாங்க, ராத்திரி சிஸ்டம் மறுபடி கணக்கு போட்டு காலையில புது ஃபைன் வந்து நிக்கும். கட்டினதும் பேஜ்ஜ மூடிட்டியா?

யாழினி: இல்ல, ஈமெயில்ல ரெசிட் கூட வந்துச்சு

குமரன் அண்ணன்: கேட்டதுக்கு காரணம் இருக்கு. எஃப்பிஎக்ஸ் ரிசல்ட்ட ரெண்டு வழியா அனுப்பும், ஒண்ணு உன் பிரவுசர் வழியா திரும்பி வரும், இன்னொண்ணு சர்வருக்கு சர்வர் நேரா போகும். நீ பாதியில மூடிட்டா முதல் வழி அறுந்துடும், போர்ட்டல் அத மட்டும் நம்பி எழுதியிருந்தா காசு போயிருக்கும் ஆனா ஃபைன் அப்படியே இருக்கும். கோலாலம்பூர்ல நான் வேலை செய்யிற யூனிலயும் இப்ப எல்லா கேம்பஸ் ஃபைனையும் ஒரே போர்ட்டல்ல சேக்குற வேலைதான் ஓடுது, டெஸ்ட் பண்றப்போ வேணும்னே நடுவுல போன ஆஃப் பண்ணி பாக்குறோம்

பெரியம்மா: டேய் பிள்ள அழுவுது, கிளாஸ் எடுக்காம விஷயத்துக்கு வா

குமரன் அண்ணன்: வரேன் மா 😅 யாழினி, ரெசிட்ல இருக்கிறது எந்த மேட்ரிக் (ஸ்டூடண்ட்) நம்பர்? அசாசி நம்பரா டிகிரி நம்பரா

யாழினி: டிகிரி நம்பர்

குமரன் அண்ணன்: அதான். இப்ப லைப்ரரி கேட்டலாக்ல டிகிரி நம்பர்ல லாகின் பண்ணி ஃபைன் பக்கத்துல என்ன இருக்குன்னு பாரு

யாழினி: கிரெடிட் 12.40 னு காட்டுது?? எனக்கு அவங்க கடனா

குமரன் அண்ணன்: போர்ட்டல் உன் ஐசிய வச்சு எல்லா கேம்பஸ் பாக்கியையும் தேடி எடுத்து காட்டிருக்கு, அது வரைக்கும் சரி. காச பதியிறப்போ மட்டும் இப்ப ஆக்டிவ்வா இருக்கிற மேட்ரிக்ல போட்டுடுச்சு. பழைய நம்பர்ல 12.40 பாக்கி, புது நம்பர்ல 12.40 மிச்சம், சிஸ்டத்துக்கு நீ ரெண்டு ஆளு. பேமெண்ட் வாங்குறது எல்லாம் ஒரு வேலையே இல்ல, யாரோட எந்த ஃபைனுக்கு இந்த காசுன்னு கடைசி வரைக்கும் தூக்கிட்டு போறதுதான் வேலை. எங்ககிட்ட ஃபாரின் ஸ்டூடண்ட்ஸ் வேற, பாஸ்போர்ட் ரினியூ பண்ணா நம்பரே மாறிடும், அதனால ஒவ்வொரு ஃபைனுக்கும் தனி ஐடி, முன்னால கேம்பஸ் கோட், அத வச்சுத்தான் குளோஸ் பண்றோம்

ராஜா மாமா: ஒரே யூனிவர்சிட்டி தானடா, எல்லா கேம்பஸுக்கும் ஒரே சிஸ்டம் வச்சா முடிஞ்சுது

குமரன் அண்ணன்: சாஃப்ட்வேர் அதுக்கெல்லாம் ரெடி மாமா. கோஹான்னு ஒரு லைப்ரரி சாஃப்ட்வேர் இருக்கு, நியூசிலாந்துல ஒரு சின்ன ஊரு லைப்ரரிக்காக எழுதி 2000ல ஓட ஆரம்பிச்சது, இலவசம், ஒரே சிஸ்டத்துல எத்தன கிளை வேணும்னாலும் வச்சிக்கலாம். மனுஷங்கதான் ரெடி இல்ல. ஒரு கேம்பஸ் லீவு நாளையும் சேத்து ஃபைன் போடும், இன்னொண்ணு போடாது, ரெட் ஸ்பாட் (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் குடுக்குற) புக்குக்கு ஒருத்தன் மணிக்கணக்கு, ஒருத்தன் நாள்கணக்கு. அப்புறம் காசு யாருக்குன்னு மீட்டிங், பெண்டஹாரி (யூனி நிதி ஆபீஸ்) ஒரே அக்கவுண்ட்தான்னு சொல்றாங்க, ஒவ்வொரு லைப்ரரியும் எங்க வசூல் எங்களுக்கு தனியா தெரியணும்னு நிக்கிறாங்க. 30 காசு ஃபைன தனியா ஆன்லைன்ல கட்டவிட்டா ட்ரான்சாக்ஷன் சார்ஜ்ஜே அத முழுங்கிடும், அதனால எல்லாத்தையும் சேத்து ஒரே பில்லா காட்டுறோம்

பெரியம்மா: இவ்ளோ தலவலிக்கு ஃபைனே வேணாம்னு விட்டுடலாமே

குமரன் அண்ணன்: சிக்காகோ பப்ளிக் லைப்ரரி 2019ல அப்படித்தான் எடுத்துட்டாங்க மா, அதுக்கப்புறம் பழைய புக்கெல்லாம் நிறைய திரும்பி வந்துச்சு. யூனில கஷ்டம்தான், எக்ஸாம் நேரத்துல ஒரே புக்குக்கு பத்து பேரு நிப்பான். ஆனா 12 வெள்ளிக்காக ஒரு பிள்ளையோட கிளியரன்ஸ நிறுத்துறது எனக்கு பிடிக்கல, அது வேற கதை

யாழினி: நான் இப்ப யாருக்கு எழுதணும் அண்ணா, பெண்டஹாரிக்கா?

குமரன் அண்ணன்: வேணாம் வேணாம். அங்க எழுதினா ரீஃபண்டுன்னு எடுத்துக்கிட்டு ஃபாரம் ஃபில் பண்ண சொல்லி இழுப்பாங்க. அசாசி கேம்பஸ் லைப்ரரி சர்குலேஷன் (புக் குடுத்து வாங்குற) கவுண்டருக்கு ஈமெயில் போடு, ரெண்டு மேட்ரிக் நம்பரும் எழுது, எஃப்பிஎக்ஸ் ஐடி, ரெசிட், கிரெடிட் காட்டுற ஸ்கிரீன்ஷாட் மூணும் வை. கிரெடிட்ட பழைய அக்கவுண்ட்டுக்கு மாத்தி விடுங்கன்னு கேளு, ரீஃபண்டுங்கிற வார்த்தையே வரக்கூடாது

யாழினி: சரி ண்ணா 🙏

யாழினி: ரிப்ளை வந்துடுச்சு! மாத்திட்டாங்களாம், நாளைக்கு பச்சை ஆயிடுமாம். இதே மாதிரி நிறைய பேரு எழுதியிருக்காங்களாம்

அம்மா: அப்பாடா. குமரா நல்லா இருப்ப

குமரன் அண்ணன்: அப்படின்னா ஒவ்வொண்ணா கையால மாத்திக்கிட்டு இருக்காங்க, பாவம் 🤦

ராஜா மாமா: குமரா, அப்படியே என் வீட்டு சுக்காய் பிந்துவும் (வீட்டு வரி) போன்லயே கட்டலாமா

குமரன் அண்ணன்: கட்டலாம் மாமா, பில்ல போட்டோ எடுத்து எனக்கு தனியா அனுப்புங்க. இந்த வருஷ பில்லு, போன தடவ மாதிரி பழசு வேணாம்