பென்டிரைவில் போட்டால் டிவியில் தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது

மணப்பாறைக்காரன்:

வணக்கம். அப்பாவுக்கு 76 வயது, காது மந்தம், கருவி வைத்தாலும் டிவியில் பேசுவது பிடிபடுவதில்லை. எங்கள் ஊர்த் திருவிழா பட்டிமன்றத்தை மொபைலில் எடுத்து வைத்திருக்கிறோம், எம்பி4 ஃபைல். அவர் படித்தாவது ரசிக்கட்டும் என்று தமிழிலேயே சப்டைட்டில் போட ஆரம்பித்தேன். முன்பாதி நான் சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் அடித்து எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் ஃபைலாகச் சேமித்தது. பின்பாதியைக் கொழும்பில் இருக்கும் சித்தப்பா வேர்டில் அடித்து அனுப்பினார், ஆனால் அதை எடுத்து ஒட்டினால் முழுக்க ஆங்கில எழுத்து. என் பாதி லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் ஒழுங்காக ஓடுகிறது, அதையே பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால் வரிசையாகக் கட்டம். டிவி பழசு, ஸ்மார்ட் டிவி இல்லை. இன்னொன்று, விஎல்சியிலேயே கூட நடுவரின் வெள்ளைச் சட்டை மேல் வெள்ளை எழுத்து விழுந்தால் ஒன்றும் தெரியவில்லை. வழி சொல்லுங்கள். கமாண்ட் அடிக்கிற வேலையெல்லாம் எனக்கு வராது.

பனங்கற்கண்டு:

சப்டைட்டிலில் தமிழ் கெடுவது மூன்று விதம், பார்த்ததுமே எது என்று சொல்லிவிடலாம். கட்டம் வந்தால் எழுத்து பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, வரைந்து காட்ட அங்கே தமிழ் ஃபாண்ட் இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ என்று வந்துகொண்டே இருந்தால் ஃபைல் யூடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) இருக்கிறது, பிளேயர் அதை வேறு என்கோடிங் என்று நினைத்துப் படிக்கிறது. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், அதில் முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான், அதனால்தான் அந்த ஏ விடாமல் துரத்துகிறது. பிளேயரில் என்கோடிங்கை மாற்றினால் போதும். கேள்விக்குறி வந்தால்தான் வம்பு. யாரோ நோட்பேடில் தமிழுக்கு இடமில்லாத ஆன்ஸி என்ற பழைய என்கோடிங்கில் சேமித்துவிட்டார்கள் என்று அர்த்தம், எழுத்து போனது போனதுதான், திரும்ப அடிக்க வேண்டும். நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8இல் சேமிக்க ஆரம்பித்தது 2019இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில்தான். அதற்கு முன்பு ஒரு எச்சரிக்கை காட்டும், அதை யார் படித்தார்கள்!

உங்களுடையது முதல் வகை. அந்த டிவிக்குள் ஃபாண்ட் ஏற்ற வழியில்லை, அதனால் எழுத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிடுங்கள். வேறு மென்பொருள் தேட வேண்டாம், சப்டைட்டில் எடிட்டிலேயே வீடியோ மெனுவில் சப்டைட்டிலைப் பதித்து வீடியோ உருவாக்கும் வசதி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவி வேண்டும் என்று கேட்டால் சரி சொல்லுங்கள், அதுவே இறக்கிக்கொள்ளும். ஃபாண்டுக்கு நிர்மலா யூஐ, இல்லாவிட்டால் நோட்டோ சான்ஸ் தமிழ். வீடியோவைச் சுருக்கும் முறைக்கு எச்.264 தேர்ந்தெடுங்கள், 265 வேண்டாம், பழைய டிவி பல அதைத் திறக்கவே திறக்காது. முதலில் ஒரு நிமிடத் துண்டை மட்டும் பதித்து டிவியில் போட்டுப் பாருங்கள்.

சித்தப்பா அனுப்பியது அநேகமாக பாமினி ஃபாண்ட். இலங்கையில் இன்னும் நிறையப் பேர் அதில்தான் அடிக்கிறார்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து: "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். வார்த்தைக்கு நடுவே அரைப்புள்ளி நிறையக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு, உள்ளேயும் தமிழாகவே இருக்கும் யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் வாசித்துவிடுவது நல்லது.

நடுவரி:

நான் சப்டைட்டில் வேலை பார்க்கிறவள். ஃபாண்டும் என்கோடிங்கும் சரியாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள், 76 வயதுக் கண்ணுக்கு அதன் பிறகுதான் கஷ்டமே ஆரம்பிக்கிறது. வெள்ளைச் சட்டைப் பிரச்சினைக்கு எல்லோரும் எழுத்தைச் சுற்றி வரும் அவுட்லைனைத் தடிமனாக்கச் சொல்வார்கள். தமிழில் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது, ரொம்பத் தடித்தால் சுழி அடைத்துக்கொள்ளும், ண எது ன எது என்று தூரத்திலிருந்து தெரியாது. நானாக இருந்தால் எழுத்துக்குப் பின்னால் பாதி ஒளி ஊடுருவும் கறுப்புப் பட்டை கொடுப்பேன். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் படிக்க முடியும். எழுத்தின் அளவு 1080 உயரப் படத்துக்கு 70 பக்கம் வைத்துப் பாருங்கள்.

சப்டைட்டில் எடிட் ஒரு நொடிக்கு இத்தனை எழுத்து தாண்டிவிட்டது என்று சிவப்பாகக் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). அதற்காக முழுசாக விட்டுவிடவும் கூடாது, பட்டிமன்றப் பேச்சாளர்கள் மூச்சு விடாமல் பேசுவார்கள், அத்தனையும் போட்டால் அப்பா படத்தைப் பார்க்கவே முடியாது. "அதாவது பாத்தீங்கன்னா", "நான் என்ன சொல்றேன்னா" இதையெல்லாம் தயங்காமல் வெட்டுங்கள். நகைச்சுவையில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், நெட்ஃப்ளிக்ஸ் கூட ஒரு சப்டைட்டில் துண்டுக்கு அதிகபட்சம் 7 நொடிதான் வைத்திருக்கிறது. வரியை உடைக்கும்போது "போய்க்" மேலேயும் "கொண்டிருந்தார்" கீழேயும் விழாமல் பாருங்கள், தானாக உடைக்கவிட்டால் அது இப்படித்தான் செய்யும். சிரிப்பின் பஞ்ச் வரியை அடுத்த துண்டுக்குத் தள்ளுங்கள், பேச்சாளர் சொல்வதற்கு முன்பே அப்பா படித்துவிட்டால் சப்பென்று போய்விடும்.

அப்புறம், காது கேட்காதவருக்கு என்பதால் [கைதட்டல்], [கூட்டம் சிரிக்கிறது] என்றும் போடுங்கள். பேசுகிறவர் முகம் திரையில் இல்லாதபோது வரியின் தொடக்கத்தில் பெயரும் வேண்டும்.

ஆணிவேர்:

பதிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு எழுத்துப்பிழைக்காக முழு வீடியோவையும் மறுபடி ஓட்ட வேண்டும், தரமும் கொஞ்சம் குறையும். டிவியில் எச்டிஎம்ஐ சாக்கெட் இருந்தால், சாதாரண டிவியை ஸ்மார்ட் டிவியாக்கும் ஒரு ஆண்ட்ராய்டு ஸ்டிக் வாங்கிச் செருகி அதில் விஎல்சி போடுங்கள், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் தமிழ் ஃபாண்ட் கூடவே வருகிறது. எஸ்ஆர்டி ஃபைலுக்கு வீடியோவின் அதே பெயரை வைத்தால் தானாக எடுத்துக்கொள்ளும், எழுத்தின் அளவையும் அங்கேயே கூட்டலாம்.

பனங்கற்கண்டு:

@ஆணிவேர் உங்களுக்கும் எனக்கும் அது சுலபம். வயதானவர் கையில் இரண்டாவது ரிமோட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். பிழைத் திருத்தத்துக்காக மூல வீடியோவையும் எஸ்ஆர்டியையும் தனியாக வைத்திருக்க வேண்டும் என்பது சரிதான்.

மணப்பாறைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவுடையது பாமினியேதான், மாற்றிவிட்டேன், சில ஒற்றெழுத்துகள் மட்டும் கையால் திருத்த வேண்டியிருந்தது. ஒரு நிமிடத் துண்டு கறுப்புப் பட்டையோடு டிவியில் ஓடிவிட்டது. ஆனால் லேப்டாப்பில் முழுதாகத் தெரிகிற கீழ் வரி டிவியில் பாதி வெட்டுப்படுகிறது, கூ, பு, ழு எல்லாம் கால் இல்லாமல் நிற்கின்றன.

நடுவரி:

அது ஓவர்ஸ்கேன். பழைய டிவிகள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி நாலு ஓரத்தையும் வெட்டிக் காட்டும். பட அளவு மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன் மாதிரி ஏதாவது இருந்தால் அதை வையுங்கள். இல்லாவிட்டால் கீழ் மார்ஜினை 100 பிக்சலுக்கு ஏற்றிவிட்டுப் பதியுங்கள்.