ஆயிரம் சிசி டர்போ பெற்றோல் கார் வன்னிக்குப் பொருந்துமா?

பரந்தன் வாசி:
2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், டொயோட்டா ரைஸ் போன்ற சிறிய டர்போ கார்களைப் பற்றிக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பலர் விசாரிக்கிறார்கள். "டர்போ பூட்டினால் பெற்றோலைக் குடிக்கும்" என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. பெரிய பெற்றோல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது திரொட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மூடி) பெரும்பாலும் மூடியே இருப்பதால், அந்த ஒடுக்கமான வழியால் காற்றை உறிஞ்சுவதற்கே சக்தியின் ஒரு பங்கு வீணாகிறது. சிறிய எஞ்சினில் அதே வேகத்துக்குத் திரொட்டில் கூடுதலாகத் திறந்திருக்கும், உராய்வும் குறைவு. முந்திச் செல்ல வலு வேண்டும்போது, டர்போவில் வெளியேறும் புகையே டர்பைன் என்ற சிறு சுழலியைச் சுழற்றிக் காற்றை அமுக்கித் தருகிறது. ரைஸின் 996 சிசி எஞ்சின் 98 குதிரைவலுவையும், நிமிடத்துக்கு 2400 சுற்றிலிருந்தே 140 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையையும் தருவது, டர்போ இல்லாத 1.5 லீற்றர் எஞ்சினுக்கு ஏறக்குறைய நிகரானது.

மாங்குளம் கராஜ்:
தம்பி, நீங்கள் சொன்னது இலேசாக ஓடும் வண்டிக்குச் சரி. ஐந்து பேரை ஏற்றி, ஏசியையும் போட்டு, ஏ-9 வீதியில் பஸ்ஸை முந்தும்போது கணக்கு மாறுகிறது. அமுக்கிய காற்று சூடேறுவதால் எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றித் தானாக எரிந்து எஞ்சின் தட்டத் தொடங்கும். அதைத் தவிர்க்கவே அமுக்க விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவு; அது குறைந்தால் சிக்கனமும் குறையும்) குறைத்து வடிவமைக்கிறார்கள், கணினியும் தீப்பொறியைப் பிந்தவைக்கிறது, அதிக சுமையில் பல எஞ்சின்கள் வெப்பத்தைத் தணிப்பதற்கென்றே கூடுதல் பெற்றோலைத் தெளிக்கின்றன. மாஸ்டா நிறுவனம் 2011இல் டெமியோ காரில் டர்போ இல்லாமலே 14:1 அமுக்க விகிதத்தைக் கொண்டுவந்தது. சிக்கனத்துக்கு அதுவே நேரான வழி.

பரந்தன் வாசி:
அண்ணா, அதே மாஸ்டாதான் 2016இல் சிஎக்ஸ்-9 வாகனத்தின் 3.7 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கைவிட்டு 2.5 லீற்றர் டர்போவைப் பூட்டியது. நீங்கள் குறிப்பிடும் அமுக்க விகிதக் குறைபாட்டையும் பொறியியலாளர்கள் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள்: வொக்ஸ்வாகனின் 2017ஆம் ஆண்டு 1.5 லீற்றர் டர்போ, உள்ளெடுப்பு வால்வை முன்கூட்டியே மூடும் மில்லர் முறையால் 12.5:1 விகிதத்தில் ஓடுகிறது. மேலும், எங்கள் நிலம் சமதரை. மணிக்கு 70 கிலோமீற்றருக்குள் ஒரே சீராக ஓட்டும் நேரமே அதிகம். முந்துவதோ சில விநாடிகள்.

முள்ளியவளைச் சகோதரி:
சீரான ஓட்டத்தைப் பற்றித் தம்பி சொல்வது நியாயமானது. ஆனாலும் நகரத்துக்குள் நின்று நின்று ஓடுபவருக்கு, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மீட்கும் ஹைபிரிட்டே (பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள கார்) மேல்.

மாங்குளம் கராஜ்:
சமதரை என்பதை ஒத்துக்கொள்கிறேன். புழுதியை என்ன செய்வது? துணுக்காய்ப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் காற்று வடிகட்டி விரைவில் அடைபடும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழல்வது மெல்லிய ஒயில் படலத்தின் மீதுதான். பழைய ஒயிலோடு அதை ஓட்டுவது எஞ்சினுக்குச் செய்யும் கொடுமை. நேரடியாகப் பெற்றோல் தெளிக்கும் டர்போக்களைக் குறைந்த சுற்றில் அழுத்தி மிதித்தால், தீப்பொறிக்கு முன்பே எரிந்து பிஸ்டன் உடையவும் கூடும். அதைத் தடுக்கும் தரத்தோடு 2020 முதல் வரும் 'ஏபிஐ எஸ்பி' (API SP) என்ற தரக்குறியுள்ள எஞ்சின் ஒயிலையே வாங்குங்கள். வாங்குபவர் இந்தப் பராமரிப்புச் செலவையும் கூட்டிப் பார்த்தால், மிச்சமாகும் பெற்றோல் அதற்கு ஈடாகாது என்பதே இன்னமும் என் கருத்து.