குடும்பக் குழு: ஹீட் பம்ப்பும் உறைபனியும்

கார்த்தி: எங்க ஹீட் பம்ப் (வெளிக்காத்துலேருந்து சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்கற மெஷின்) அவுட்டோர் யூனிட் பின்பக்கம் பூரா வெள்ளையா உறைபனி. இப்போ ஃபேனும் நின்னுடுச்சு, புகை மாதிரி கிளம்புது. பிரேக்கரை அணைச்சிடவா?

ரகு சித்தப்பா: அணைக்காதே. அது டிஃப்ராஸ்ட். வர்றது புகை இல்ல, நீராவி.

ரகு சித்தப்பா: காயில் மேல படிஞ்ச பனியை உருக்க மெஷின் கொஞ்ச நேரம் தலைகீழா ஓடும். ஓட்டத்தைத் திருப்பற நாலுவழி வால்வு மாறும்போது புஸ்ஸுனு ஒரு சத்தம், ஃபேன் நிக்கும், வீட்டுக்குள்ள வரவேண்டிய சூடு வெளி காயிலுக்குப் போகும். பொதுவா 3லேருந்து 10 நிமிஷம். நடுவுல கரண்டை நிறுத்தினா பாதி உருகின தண்ணி அப்படியே கட்டியா இறுகிடும். அப்புறம் அதை உருக்க மெஷின் ரொம்பக் கஷ்டப்படும்.

கார்த்தி: சரி, தொடல. ஆனா இப்போ வெளியில 2 டிகிரி. ராத்திரி -8 இருந்தப்போ இவ்ளோ பனி இல்லையே சித்தப்பா?

ரகு சித்தப்பா: கடுங்குளிர்ல காத்துல ஈரம் குறைவு. 0லேருந்து 5 டிகிரிக்குள்ள, தூறலோ மூடுபனியோ இருந்தா அப்போதான் காயில்ல நிறைய படியும். மணிக்கு ஒரு தடவை டிஃப்ராஸ்ட் ஆனாலும் பயப்பட வேண்டாம்.

சுந்தரம் மாமா: எப்போ கவலைப்படணும்னா, டிஃப்ராஸ்ட் முடிஞ்சும் காயில் சுத்தமாகலன்னா. ரெண்டு மூணு தடவை ஆகியும் வெள்ளை போகலன்னா ஏதோ கோளாறு. ஐஸ் எங்க நிக்குதுன்னு பாரு, அதுவே பாதி சொல்லிடும். கீழ் விளிம்புல மட்டும் கட்டியா இருந்தா அடித்தட்டு ஓட்டை அடைச்சிருக்கு, இல்ல அடித்தட்டு ஹீட்டர் வேலை செய்யல. மேல் மூடியிலயும் ஃபேன் கிரில்லுலயும் கண்ணாடி மாதிரி ஐஸ்னா கூரைத் தண்ணி மேல சொட்டுது. காயில்ல ஒரு மூலையில மட்டும் பனி, மத்த இடம் காய்ஞ்சு கிடக்குன்னா கேஸ் (குழாய்க்குள்ள சுத்தி சூட்டைக் கடத்தற வாயு) குறைஞ்சிருக்கலாம். காயில் பூரா கெட்டியான ஐஸ்னா சென்சார், ஃபேன் மோட்டார், நாலுவழி வால்வு இந்த மூணுல ஒண்ணா இருக்கலாம். கேஸ் குறைவு, காயில் பூரா ஐஸ், இந்த ரெண்டுக்கும் டெக்னீஷியன்தான் வரணும்.

கார்த்தி: கீழே கொஞ்சம் கட்டியா இருக்கு மாமா. ஸ்க்ரூடிரைவரால தட்டி எடுக்கலாமா?

சுந்தரம் மாமா: கூடவே கூடாது! காயில் குழாய் ரொம்ப மெல்லிசு. ஒரு குத்து போதும், கேஸ் மொத்தமும் போயிடும். உப்பும் போடாதே, அலுமினியத் தகடு அரிச்சிடும். கொதிக்கிற தண்ணியும் வேண்டாம்.

ரகு சித்தப்பா: செய்ய வேண்டியது இது. முதல்ல கன்ட்ரோலர்ல ஆஃப். ஃபேன் முழுசா நின்னப்புறம் வெளிச்சுவர்ல இருக்கிற ஐசொலேட்டரை (யூனிட்டுக்கு வர்ற கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) ஆஃப் பண்ணு. வெதுவெதுப்பான தண்ணியை மெதுவா ஊத்து, அடித்தட்டு ஓட்டையில நூல் பிடிச்ச மாதிரி வடியற வரைக்கும். இலைதழை இருந்தா கையால எடு. ஃபேன் இறக்கையில ஐஸ் இல்லைன்னு பார்த்துட்டு ஆன் பண்ணு. வடிஞ்ச தண்ணி நடைபாதைல உறைஞ்சு வழுக்கும், அதையும் தள்ளி விடு.

மாலதி அக்கா: யூனிட் மூடியை மட்டும் கழட்டாதே கார்த்தி. கம்ப்ரஸர் வேகத்தை மாத்தற இன்வெர்ட்டர் போர்டு கபாசிட்டர்ல பிரேக்கரை அணைச்ச பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற நிமிஷம் காத்திருந்தாலும் மீட்டர் வச்சு பார்க்காம கை வைக்கக் கூடாது. உள் வேலை நம்ம வேலை இல்ல.

கார்த்தி: சரிக்கா. கேஸ் குறைஞ்சிருந்தா ஏத்திக்கிட்டா போதுமா?

மாலதி அக்கா: போதாது. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போற பொருள் இல்ல, மூடின குழாய்ல சுத்திக்கிட்டே இருக்கும். குறைஞ்சதுன்னா லீக். லீக்கை அடைச்சு, வேக்யூம் பிடிச்சு, பெயர்ப்பலகைல இருக்கிற எடையைத் தராசு வச்சு நிரப்பணும். "கொஞ்சம் ஏத்திவிடறேன்"னு சொல்றவரை அனுப்பிடு.

மாலதி அக்கா: பெயர்ப்பலகைல ஆர்-290ன்னு இருந்தா அது புரொப்பேன், நல்லாவே தீப்பிடிக்கும். ஆர்-32 லேசாப் பிடிக்கும். புரொப்பேன் காத்தை விட கனம், கீழே இறங்கி பள்ளத்துல தேங்கும். அதனால யூனிட் பக்கத்துல அடித்தள ஜன்னல், சாக்கடை வாய், சார்ஜர் எதுவும் இருக்கக் கூடாது. எவ்ளோ தூரம்னு மேனுவல்ல படமே இருக்கும். இந்தக் கேஸ்ல சமையல் கேஸ் மாதிரி வாசனை கலக்கறதில்ல. வாசனை வரல, அதனால லீக் இல்லைன்னு முடிவு பண்ணிடாதே.

கார்த்தி: எங்களுது ஆர்-290. மோனோபிளாக் (கேஸ் பாகம் முழுக்க வெளிப்பெட்டியிலேயே இருக்கிறது), உள்ளே ரேடியேட்டர்.

சுந்தரம் மாமா: அப்போ முக்கியமான விஷயம் வேற. மோனோபிளாக்ல ஹீட்டிங் தண்ணியே வெளியில வந்து போகுது. உறையற குளிர்ல கரண்ட் போய் பம்ப் நின்னா அந்தத் தண்ணி உறைஞ்சு உள்ளே கேஸ் சூட்டைத் தண்ணிக்கு மாத்தற தகட்டு எக்ஸ்சேஞ்சரை வெடிக்க வச்சிடும். அதுக்குத்தான் கிளைகால் (தண்ணியை உறையாம காக்கிற திரவம்) கலப்பாங்க, இல்லைன்னா வெளிக்குழாய்ல ஆன்டிஃப்ரீஸ் வால்வு மாட்டுவாங்க. தண்ணி 3 டிகிரிக்கு வந்ததும் வால்வு திறந்து வடிச்சிடும். உங்களுதுல எது?

கார்த்தி: வெளியில பைப்புல கீழ்நோக்கி ரெண்டு பித்தளை வால்வு இருக்கு.

சுந்தரம் மாமா: அதுதான். சொட்டுதேன்னு யாரும் அதுக்கு மூடி போட்டுடாதீங்க, இன்சுலேஷன் சுத்தியும் மூடாதீங்க. வால்வு இருக்கிற சிஸ்டத்துல கிளைகால் ஊத்தவும் கூடாது, திறந்தா அத்தனையும் தரையில போகும். கிளைகால் இருக்கிற சிஸ்டத்துல வெறும் தண்ணி ஏத்தினா கலவை நீர்த்து, உறையாம காக்கிற சக்தி போயிடும்.

ரகு சித்தப்பா: அதனாலதான் குளிர்காலத்துல ஊருக்குப் போனாலும் பிரேக்கரை அணைக்கக் கூடாதுன்னு கத்தறேன். உறைபனிப் பாதுகாப்பே கரண்ட்ல ஓடுது. 15, 16 டிகிரில வச்சுட்டுப் போ.

மாலதி அக்கா: ரொம்ப நேரம் கரண்ட் போய் வந்தா உடனே ஹீட்டிங் போடாதீங்க. குளிர்ல கேஸ் திரவமா கம்ப்ரஸர் எண்ணெய்ல கலந்திருக்கும். பல மேனுவல்ல 6லேருந்து 12 மணி நேரம் கரண்ட் மட்டும் கொடுத்து, கம்ப்ரஸர் எண்ணெயைச் சூடாக்கற கிராங்க்கேஸ் ஹீட்டரை ஓட விடச் சொல்லியிருக்கும். உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு.

கார்த்தி: ராத்திரி 15க்குக் குறைச்சு காலையில 22க்கு ஏத்தறோம். அது சரியா?

ரகு சித்தப்பா: வேண்டாம்ப்பா. ஹீட் பம்ப் நிதானமா ஓடற மெஷின். ஒரேயடியா 7 டிகிரி ஏத்தினா பேக்கப் ஹீட்டர் வந்து உட்கார்ந்துக்கும், அது கரண்டை நேரடியா எரிக்கும். ராத்திரி ஒண்ணு ரெண்டு டிகிரி குறைச்சா போதும். அதை விட ரேடியேட்டருக்குப் போற தண்ணி சூட்டைக் குறைக்கப் பாரு. 55ல இருந்தா 50க்கு இறக்கி ரெண்டு நாள் பாரு. வீடு கதகதப்பா இருந்தா இன்னும் 2 இறக்கு. ஒவ்வொரு டிகிரியும் பில்லுல தெரியும்.

சுந்தரம் மாமா: ஆனா குளிக்கிற தண்ணி டேங்க்ல வாரம் ஒரு தடவை 60க்குப் போற செட்டிங்கை நிறுத்திடாதீங்க. லெஜியோனெல்லா கிருமிக்காக வச்சது அது. குழந்தைங்க கை சுடாம இருக்க மிக்ஸிங் வால்வு இருக்கான்னு பாருங்க.

ரகு சித்தப்பா: ரேடியேட்டர் வால்வை அத்தனையும் மூடியும் வைக்காதே. ஓட்டம் குறைஞ்சா ஃப்ளோ எரர் வரும். டிஃப்ராஸ்ட்டுக்கும் ரேடியேட்டர் தண்ணியிலேருந்துதான் சூடு எடுக்கும்.

கார்த்தி: ஃப்ளோ எரர் போன வாரம் ஒரு தடவை வந்துது!

சுந்தரம் மாமா: அப்போ ஹீட்டிங் தண்ணில இருக்கிற இரும்புத் துகளைப் பிடிக்கற காந்த ஃபில்டரைப் பாரு. மெஷின் ஆஃப், ரெண்டு பக்க வால்வையும் மூடு, கீழே வாளி வை, பிரஷரை இறக்கு. காந்தத்தை உருவினா கறுப்புச் சேறு வடியும். வலையைக் குழாய்த் தண்ணில கழுவு. ஓ-ரிங் உட்கார்ந்திருக்கான்னு பார்த்து மூடு, வால்வைத் திற, காத்தை வெளியேத்து. வருஷத்துக்கு ஒரு தடவை போதும். முதல் வருஷம் மட்டும் ரெண்டு மூணு தடவை. பிரஷர் எவ்ளோ காட்டுது?

கார்த்தி: 0.7 பார்.

சுந்தரம் மாமா: குறைவு. தண்ணி ஆறியிருக்கும்போது 1லேருந்து 1.5 இருக்கணும். முதல்ல அந்தப் பித்தளை வால்வு சொட்டியிருக்கான்னு கீழே பாரு. இல்லைன்னா ஃபில்லிங் லூப்பை (சிஸ்டத்துக்குத் தண்ணி ஏத்தற ஹோஸ் இணைப்பு) மெதுவாத் திறந்து 1.3ல நிறுத்தி, ரெண்டு குழாயையும் மூடு, ஹோஸைக் கழட்டி வை. ஒரு வாரத்துல திரும்ப இறங்கினா எங்கயோ லீக். ஹீட்டிங் ஓடும்போது 3 பார் வரைக்கும் ஏறி சேஃப்டி வால்வு சொட்டினா எக்ஸ்பேன்ஷன் டேங்க்ல (சூட்டுல விரியற தண்ணிக்கு இடம் கொடுக்கிற டேங்க்) காத்து போயிருக்கலாம், அதுக்கு ஆள் வேணும்.

கார்த்தி: வால்வுக்குக் கீழே ஒரு வட்டம் ஐஸ் இருக்கு மாமா.

சுந்தரம் மாமா: சரி, அப்போ தண்ணி போன வழி தெரிஞ்சுது. குப்பை சிக்கியிருந்தா வால்வு சரியா மூடாது. இன்னும் சொட்டுதான்னு கீழே ஒரு காய்ஞ்ச அட்டை வச்சுப் பார். ஈரமானா அதை மாத்தச் சொல்லு. அது வரைக்கும் காலை சாயங்காலம் கேஜைப் பார்த்து இங்க போடு.