'விர்ச்சுவல் எலிமினேஷன்': வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

ஸ்காபரோவிலிருந்து:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். வட அமெரிக்கப் பேரேரிகள் பற்றிய கண்காட்சிப் பலகை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அழியாமல் தங்கும் நச்சுப்பொருள்களை ஏரிகளில் கலக்க விடுவதை விர்ச்சுவல் எலிமினேஷன் செய்வது என்று கனடாவும் அமெரிக்காவும் 1978 ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டன. பாதரசம், பிசிபி (பழைய மின்மாற்றிகளில் பயன்பட்ட வேதிப்பொருள்), டயாக்சின் முதலான 12 பொருள்களை முதல் வரிசையில் வைத்து 1997இல் வகுத்த இருநாட்டுத் திட்டத்தின் தலைப்பிலும் அதே சொல். முதல் வரைவில் 'மெய்நிகர் ஒழிப்பு' என்று இருக்கிறது. கணினித் திரையில் மட்டும் ஒழித்ததுபோலப் படுகிறது. உதவுங்கள்.

கோவையிலிருந்து:
'ஏறத்தாழ முழு ஒழிப்பு'. அவ்வளவுதான் அக்கா, அச்சுக்கு அனுப்புங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
'ஏறத்தாழ' என்பது சந்தைப் பேச்சு தம்பி, கலைச்சொல் ஆகாது. 'ஒழிபு' என்று பாருங்கள். யாப்பருங்கலக்காரிகை என்ற யாப்பு நூலில் மூன்றாவது இயல் ஒழிபியல். முன்னிரண்டு இயல்களில் சொல்லாமல் விட்டதைச் சொல்வது. 'கூரியதோர் வாள்மன்' என்பதில் 'மன்' என்ற இடைச்சொல் ஒழியிசை, அதாவது சொல்லாமல் ஒழிந்ததை உணர்த்துவது. ஆக, ஒழி என்ற வேருக்குள்ளேயே எச்சமும் உட்கார்ந்திருக்கிறது. ஒழித்தது, மிஞ்சியது இரண்டுக்கும் ஒரே சொல்! தவிர, 'நச்சு' என்கிறோமே, நச்சுதல் என்றால் விரும்புதல். 'நச்சப் படாதவன் செல்வம்' என்ற குறளில் விரும்புகிற நச்சு, நஞ்சான நச்சு இரண்டும் வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, குறள் நல்லது. ஆனால் ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவன் 'ஒழிபு' என்று வாசித்தால் 'ப்' விடுபட்டுப் போச்சு என்றல்லோ நினைப்பான். தங்கச்சி, ஏன் அவர்கள் நேரே 'முழு ஒழிப்பு' என்று எழுதவில்லை?

ஸ்காபரோவிலிருந்து:
அண்ணா, எழுத முடியாது. ஆலைக் குழாயை அடைத்தாலும் அடிச்சேற்றில் பழைய பிசிபி கிடக்கிறது. காற்றிலும் வருகிறது. சுப்பீரியர் ஏரி நடுவே ஐல் ராயல் தீவில் சிஸ்கிவிட் என்று ஒரு சிற்றேரி. பக்கத்தில் ஆலை எதுவும் இல்லை. ஆனாலும் அதன் மீன்களில் டாக்சாஃபீன் இருந்தது. தெற்கே பருத்திக்கு அடித்த பூச்சிமருந்து, காற்றோடு வந்தது. சுப்பீரியரில் விழுந்த நீர் வெளியேறச் சராசரியாக 191 ஆண்டு. பூச்சியம் என்றால் பொய். 'இயன்றவரை' என்றால் ஆலைக்காரர்களுக்குச் சாக்கு.

தஞ்சாவூரிலிருந்து:
பூச்சியம் வேண்டாம் அம்மா, சுழியம்.

கோவையிலிருந்து:
ஐயா, திருப்பூர் சாயப்பட்டறையில் போய்ச் 'சுழிய வெளியேற்றம்' என்று சொல்லிப் பாருங்கள். ஜீரோ டிஸ்சார்ஜ் என்றால் அங்கே டீக்கடைக்காரருக்கும் தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து:
டீக்கடைக்குத் தெரிவதுதான் அளவுகோல் என்றால் இந்தக் குழு எதற்கு? சரி, 'அறவொழிப்பு'? அறவே ஒழித்தல்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
அறத்தை ஒழிக்கிறார்கள் என்று வாசிப்பினம். 'அருகொழிப்பு' எப்படி? அருகுதல் என்றால் குறைந்து அரிதாவது. அருகிவரும் உயிரினம் எல்லாருக்கும் தெரிந்த சொல்.

கோவையிலிருந்து:
பக்கத்தில் இருப்பதை ஒழித்துவிட்டு எட்ட இருப்பதை விட்டுவிடுவார்களா? காற்றில் வருகிற டாக்சாஃபீனுக்குத் தோதான பெயர்தான்! என் வாக்கு இன்னும் 'ஏறத்தாழ'வுக்கே.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சரி, பலகைக்கு 'ஏறத்தாழ' போகட்டும். அகராதிக்கு 'அருகொழிப்பு' என்று குறித்து வையுங்கோ.

ஸ்காபரோவிலிருந்து:
நன்றி. பலகையில் 'ஏறத்தாழ முழு ஒழிப்பு' என்றே போடுகிறேன், கீழே அடிச்சேறு பற்றி ஒரு வரி விளக்கமும் சேர்த்து.

தஞ்சாவூரிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அப்புறம், 'அழியாமல் தங்கும் நச்சுப்பொருள்' இவ்வளவு நீளமா? 'தங்குநஞ்சு' போதாதா? 'நிலைத்த' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது புகழுக்கு உரிய அடை. தனி இழையாக இன்றிரவு எழுதுகிறேன்.