மாசியில் வளைந்த தண்டவாளம்: பங்குனி உத்திரத்துக்குள் சரிசெய்ய வழி சொல்லுங்கள்

அம்பைக்காரர் (மாசி 17, இரவு)

அனைவருக்கும் வணக்கம். ஆளுக்கு இரண்டு பலகையாகச் செய்து இணைக்கும் நம்முடைய திருநெல்வேலி–செங்கோட்டைச் சிறு மாதிரி இருப்புப்பாதையில், கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றைக் கடந்து அம்பாசமுத்திரம் நிலையம் வரை வரும் இரண்டு பலகைகள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் நீளம். கார்த்திகையில் மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், மாடி அறையில் உட்கார்ந்து புதிய தண்டவாளத்தைப் பதித்து முடித்தேன். மின்சாரம் எந்த இடத்திலும் தடைப்படக் கூடாது என்பதற்காக, தண்டவாளத் துண்டுகள் சேரும் இடங்கள் எல்லாவற்றையும் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டேன்.

தைப் பொங்கலுக்குப் பிறகு வேலைப்பளுவால் அந்தப் பக்கம் போகவில்லை. நேற்று துணியை விலக்கிப் பார்த்தபோது, பாலம் தாண்டியதும் வருகிற நேர்ப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்குத் தண்டவாளம் பக்கவாட்டில் வளைந்து நிற்கிறது. அங்கே மூன்று ஸ்லீப்பர்களில் (குறுக்குக் கட்டைகளில்) தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சிறு பிளாஸ்டிக் பற்கள் உடைந்துவிட்டன. இரண்டு பலகைகளையும் சேர்த்தே முடுக்கி வைத்திருந்தேன். மேற்கு முனையில், பலகையின் விளிம்போடு சமமாக அரம் போட்டு நிறுத்திய தண்டவாளம், இப்போது விளிம்பைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் தடவினால் தட்டுப்படுகிறது.

வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலில் பிசானம் அறுவடை நடக்கிறது. அறுவடை இயந்திரம் கிளப்பிய வைக்கோல் தூசி அறை முழுவதும் படிந்திருக்கிறது. பகலில் அறைக்குள் கால் வைக்க முடியாத வெக்கை. வெயிலால்தான் வளைந்ததா?

பங்குனி உத்திரத்துக்கு வெளியூரிலிருந்து எல்லோரும் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவோம். அதற்கு மறுநாள் கல்லிடைக்குறிச்சி வீட்டுக் கூடத்தில் எல்லாப் பலகைகளையும் இணைப்பதாகப் பேசியிருக்கிறோம். சென்ற ஆண்டு திருநெல்வேலியில் கிளம்பிய வண்டி ஒரு தடவைகூடக் கைபடாமல் செங்கோட்டை போய்ச் சேரவில்லை. இந்த ஆண்டாவது அது நடக்க வேண்டும். அதற்கு என் பலகை தடையாக இருந்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் எழுதுகிறேன். முழுவதையும் பெயர்க்காமல் சரிசெய்ய வழி உண்டா?

தென்காசித் தடம் (மாசி 18, காலை)

தம்பி, முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை. முதலில் காரணத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பழுது வெயிலில் இல்லை, மரத்தில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் தண்டவாளம் நிக்கல் சில்வர் என்னும் கலப்பு உலோகம்; ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.016 மில்லிமீட்டர்தான் நீளும். உங்கள் இரண்டு பலகைகளும் சேர்ந்து 2.4 மீட்டர். கார்த்திகை மழைநாளுக்கும் நேற்றைய பகலுக்கும் 15 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொண்டாலும், தண்டவாளம் நீண்டது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் முனையில் ஒன்றரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது, அது போக ஒரு சாண் வளைவுக்குள்ளும் கொஞ்ச நீளம் மறைந்திருக்கிறது. மீதி எங்கிருந்து வந்தது? மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பியிருந்த மரத்தின்மேல் நீங்கள் தண்டவாளத்தை இடைவெளி விடாமல் பதித்தீர்கள். தையிலும் மாசியிலும் காற்று காய்ந்ததும் பலகை சுருங்கியது. தண்டவாளத்துக்குச் சுருங்கத் தெரியாது. போக்கிடம் இல்லாமல் அது பக்கவாட்டில் விலகியது.

பாலத்தின் மேல் கை வைக்காதீர்கள். பாலத்துக்குக் கிழக்கே ஒரு சாண் தள்ளியும், மேற்கே வளைந்திருக்கும் பகுதியின் நடுவிலும் என இரண்டு இடங்களில், இரு தண்டவாளங்களையும் மெல்லிய ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். அறுத்த உடனேயே வளைவு பாதி தணிந்து கொடுப்பதைக் கண்ணால் பார்ப்பீர்கள். முனைகளை அரத்தால் தேய்த்து, இரண்டு அஞ்சலட்டைகளைச் சேர்த்துச் செருகும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். இப்போது காய்ந்த பருவம் என்பதால் அது போதும். ஐப்பசியில் அது தானாகவே அகன்றுகொள்ளும். மழைக்காலத்தில் புதிதாகப் பதிக்கிறவர்கள்தான் இதைவிட அகலமாக விட வேண்டும். உடைந்த மூன்று ஸ்லீப்பர்களுக்குப் பதிலாக, செம்பு பூசிய மின்சுற்றுப் பலகையைக் கீற்றாக வெட்டிக் கீழே செருகி, தண்டவாளத்தை அதோடு பற்றவைத்தால் பழையதைவிட உறுதியாக நிற்கும். கீற்றின் நடுவில் செம்பை ஒரு கோடு சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு தண்டவாளமும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்ட கதையாகிவிடும்.

நான் பெரிய இருப்புப்பாதையில் இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கும் குளிர்ந்த மாதங்களில்தான் தண்டவாளங்களை இணைக்கும் பிஷ்பிளேட்டுகளைக் கழற்றி, கிரீஸ் தடவி, மறுபடி முடுக்குவோம். வெயில் ஏறும்போது தண்டவாளம் அதற்குள் வழுக்கி நகர வேண்டும் என்பதற்காக. பாதையைக் கண்காணிக்கும் கீமேன் சுத்தியலும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு நாள்தோறும் நடப்பது, இப்படி ஒரு வளைவு தொடங்குகிறதா என்று பார்ப்பதற்கும் சேர்த்துத்தான். நீங்களும் வாரத்துக்கு ஒருமுறையாவது துணியை விலக்கிப் பாருங்கள்.

பாவூர்சத்திரத்துப் பலகை (மாசி 18, மாலை)

அண்ணாச்சி சொன்ன கணக்கோடு தச்சு வேலை தெரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். அம்பைக்காரரின் பலகைகளைச் சென்ற ஆண்டு தூக்கிப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். மேற்புறத்துக்கு மட்டும்தான் வண்ணம் பூசியிருந்தது, அடிப்புறமும் அறுத்த விளிம்புகளும் பூச்சில்லாத வெறும் மரமாகவே இருந்தன. ஈரம் அந்த வழியாகத்தான் போகிறது, வருகிறது. இப்போது மரம் நன்றாகக் காய்ந்திருக்கிறது. இந்தப் பருவத்தை விட்டுவிடாமல், அடிப்புறம், சட்டங்கள், விளிம்புகள், கம்பி போகும் துளைகளின் உட்புறம் என ஓரிடம் விடாமல் இரண்டு கை வார்னிஷ் பூசிவிடுங்கள். அடுத்த கார்த்திகையில் இந்த அளவுக்கு உப்பாது.

இரண்டாவது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிடாதீர்கள். நறுக்கினால் தண்டவாளத்தின் தலை நசுங்கும். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் கடைசி ஸ்லீப்பர்களும் பெயரும். அரம்தான் சரி. அதுவும் பலகையின் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கித் தேய்க்காமல், மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும்.

முனையில் கடைசி 4 சென்டிமீட்டருக்குப் பிளாஸ்டிக் ஸ்லீப்பரை நம்பவே வேண்டாம். செம்பு பூசிய கீற்றைப் பலகையின் விளிம்பில் திருகாணியால் இறுக்கி, தண்டவாளத்தை அதன்மேல் பற்றவையுங்கள். ஆனால் அதற்கு முன்னால் நம்முடைய இரும்புத் தகடு உங்களிடம் வந்து சேர வேண்டும். சென்ற ஆண்டு ஐந்து வீடுகளில் ஐந்து அளவுநாடாக்களை வைத்து, ஒவ்வொருவரும் சரியாகத்தான் அளந்தோம். கூடத்தில் சேர்த்து வைத்தபோது சேரன்மகாதேவிப் பலகைக்கும் கல்லிடைக்குறிச்சிப் பலகைக்கும் நடுவே ஒரு தண்டவாளத்தின் கனம் விலகியிருந்தது. அதனால்தான் இந்தத் தடவை ஒரே தகட்டில் பலகைகளை நேராகப் பொருத்தும் முளைகளுக்கு இரண்டு துளைகள், போல்ட்டுக்கு இரண்டு துளைகள், மேல் விளிம்பில் 12 மில்லிமீட்டர் இடைவெளியில் தண்டவாளத்துக்கான இரண்டு வெட்டுகள் என்று பட்டறையில் போட்டு வாங்கினேன். அந்தத் தகடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பலகையின் முனையில் இறுக்கிக் கட்டி, அதன் துளை வழியாகவே துளையிடுங்கள், நாடாவை எடுக்காதீர்கள். தகடு இப்போது சேரன்மகாதேவியில் இருக்கிறது.

பாளை மின்கம்பி (மாசி 18, இரவு)

தம்பி, இடைவெளி விட்டு அறுத்ததும் அந்த இடத்தில் மின்சாரமும் அறுந்துவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். அறுபட்ட ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலிருந்து தனியாக இரண்டு கம்பிகள் கொடுத்து, பலகையின் அடியில் ஓடும் முதன்மைக் கம்பிகளோடு சேர்க்க வேண்டும். இணைப்புத் தகடுகள் வழியாக மின்சாரம் போகட்டும் என்று விட்டால், தூசி படிந்த இந்த மாதத்தில் வண்டி திக்கித் திக்கித்தான் ஓடும். அறுவடைத் தூசிக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் கறுப்புக் கோடு விழுவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் விழுகிற கீறல்களில் மறுபடியும் அழுக்கு சேரும்.

இனி நான் சொல்வது அனைவருக்கும். சென்ற ஆண்டு வண்டி அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே நுழைந்த அடுத்த நொடியே மொத்தப் பாதையும் அணைந்துபோனதே, அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் பிற்பகல் ஆனது. கம்பிகளின் நிறத்தை, ‘மலைப்பக்கத் தண்டவாளத்துக்குச் சிவப்பு, ஆற்றுப்பக்கத் தண்டவாளத்துக்குக் கறுப்பு’ என்று நாம் பேசி வைத்திருந்தோம். கேட்பதற்கு அது தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கல்லிடைக்குறிச்சி தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது, அம்பாசமுத்திரம் வடகரையில் இருக்கிறது; இரண்டுக்கும் நடுவே பாதை ஆற்றைக் கடக்கிறது. பாலத்துக்குக் கிழக்கே ஆற்றுப்பக்கமாக இருந்த தண்டவாளம், பாலம் தாண்டியதும் ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் ஆகிவிடுகிறது. நம்மில் ஒருவர் சொன்னபடியே நேர்மையாகக் கம்பி கொடுத்தார். அதனால்தான் சிவப்பும் கறுப்பும் ஒன்றோடொன்று மோதின. அதில் அவருடைய தவறு எதுவுமில்லை.

ஆகவே இந்த ஆண்டு ஆற்றையும் மலையையும் விட்டுவிடுவோம். பார்வையாளர் நிற்கும் பக்கத்தில் உள்ள தண்டவாளம் கறுப்பு, சுவர்ப்பக்கத்தில் உள்ளது சிவப்பு. பலகையின் அடியில் இரு முனைகளிலும் இதை எழுதி ஒட்டிவிடுங்கள். இணைத்த பிறகு நான் மீட்டர் வைத்துப் பார்க்காமல் யாரும் சுவிட்சைத் தட்டக் கூடாது.

நாங்குநேரி மாணவன் (மாசி 19, காலை)

பெரியவர்களுக்கு வணக்கம். நான் இந்தப் பொழுதுபோக்கில் ஆறு மாதமாகத்தான் ஈடுபட்டிருக்கிறேன். என்னிடம் 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் ஓர் எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் மட்டும்தான் உள்ளன. 12 மில்லிமீட்டர் பாதை எதற்காக என்று தெரிந்துகொள்ளலாமா? நான் வந்தால் இடைஞ்சலாக இருக்குமா?

தென்காசித் தடம் (மாசி 19, மதியம்)

தம்பி, கட்டாயம் வாருங்கள். நாம் வைத்திருக்கும் அளவு 87-இல் ஒரு பங்கு. இந்தத் தடத்தில் முன்பு இருந்த மீட்டர் கேஜின் 1000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை வருகிறது. கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் பாதை அதற்கு மிக நெருக்கம். சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலைப்பாதைகளுக்காக இதே அளவில் வண்டிகள் செய்து விற்கிறார்கள் என்பதால், சக்கரமும் மோட்டாரும் நமக்கு அங்கிருந்து கிடைத்துவிடுகின்றன, ஒய்.டி.எம்-4 டீசல் எஞ்சினின் உடலையும் பெட்டிகளையும் பிளாஸ்டிக் தகட்டில் நாமே வெட்டி ஒட்டுகிறோம். அகலப்பாதையின் 1676 மில்லிமீட்டரை வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஆனாலும் பெரும்பாலோர் உங்களைப் போல 16.5-இல்தான் ஓட்டுகிறார்கள், அதில் குறை ஒன்றுமில்லை.

எங்களுக்கு மீட்டர் கேஜ்மேல் இருக்கும் பிடிப்புக்குக் காரணம் வேறு. 1904-இல் மலையைத் தாண்டிக் கொல்லம் வரை போய்ச் சேர்ந்த அந்தப் பாதை, 2012-இல் தென்காசி வரையும் 2018-இல் மலைப்பகுதி உட்பட முழுவதுமாகவும் அகலப்பாதையாகிவிட்டது. அது நல்ல காரியம். ஆனால் காருகுறிச்சியிலும் வீரவநல்லூரிலும் கீழ ஆம்பூரிலும் நின்று நின்று வந்த அந்தச் சின்ன வண்டியில் பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள்; அதை மறுபடியும் ஓட்டிப் பார்க்க எங்களுக்கு வேறு இடம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அதை அப்படியே சிறிதாக்கினாலும் 900 மீட்டருக்கு மேல் கூடம் வேண்டும் என்பதால், ஆளுக்கு இரண்டு பலகையாகச் சுருக்கிக்கொண்டோம்.

உங்கள் எஞ்சினையும் எடுத்து வாருங்கள். என் தென்காசிப் பலகையின் பின்வரிசையில் 16.5 பாதை ஒன்று தனியாகப் பதித்திருக்கிறேன், அங்கே ஓட்டலாம். பத்தமடையில் பாய் முடைகிறவர்களிடம் கேட்டால் கழித்த கோரைத்துண்டுகள் ஒரு பிடி கொடுப்பார்கள். வருகிற வழியில் வாங்கி வந்தால், அம்பை ஆற்றங்கரையில் நாணல் நட நமக்கு ஆள் தேவைப்படுகிறது. மதியம் கூட்டாஞ்சோறு, ஒருவர் முருங்கைக்கீரை, ஒருவர் கத்தரிக்காய் என்று ஏற்கெனவே பிரித்துக்கொண்டுவிட்டார்கள். நீங்கள் மாங்காய் கொண்டு வாருங்கள்.

அம்பைக்காரர் (மாசி 24, இரவு)

அண்ணாச்சி சொன்னபடியே மேற்கு இடத்தில் ரம்பத்தை வைத்தேன். இரண்டாவது தண்டவாளம் அறுபட்ட கணத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். வளைந்திருந்த பகுதி என் கண்முன்னே ஒரு நூல் அளவு நேராக வந்து நின்றது. அறுத்த இடைவெளி உடனே மூடிக்கொண்டது. அரத்தால் தேய்த்துத் தேய்த்து, இரண்டு அஞ்சலட்டைகள் உள்ளே போகும்வரை திறந்தேன். மூன்று செம்புக் கீற்றுகளும் செருகியாகிவிட்டது. ஆறு புதிய கம்பிகள் கொடுத்து, இரு முனைகளிலும் ‘சுவர்ப்பக்கம் சிவப்பு’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். சென்ற ஆண்டு தவறாகக் கம்பி கொடுத்தவன் நான்தான். பாளை அக்கா என் பெயரைச் சொல்லாமல் எழுதியதற்கு நன்றி.

முதல் கை வார்னிஷ் இன்று பூசினேன். எஞ்சினைத் தனியாக விட்டுப் பார்த்ததில், கல்லிடைக்குறிச்சி முனையிலிருந்து பாலம் ஏறி அம்பை நடைமேடை வரை, மிக மெதுவான வேகத்திலும் எங்கும் நிற்காமல் பதினோரு முறை போய் வந்தது. ஐந்து பெட்டிகளை மாட்டி இன்னும் பார்க்கவில்லை.

சேரன்மகாதேவியிலிருந்து தகடு சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறது. மேற்கு முனையில் துளையிட்ட உடனே, பாவூர்சத்திரத்துக்கு நானே அதைக் கையில் கொண்டுவந்து தருகிறேன்; அந்த முனையைச் செம்புக் கீற்றின்மேல் பற்றவைக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்பதால், மேற்குப் பலகையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டே வருகிறேன்.